நறுவிலிப் பசை

ஒரு விடுகதை சொல்கிறேன், விடையைக் கண்டுபிடியுங்கள். தலையிலே கறுப்புத் தொப்பி. கன்னத்திலே வெள்ளை மீசை. நெஞ்சிலே பேனையை உதறினாற்போல மைப் புள்ளிகள். கண்ணைச் சுற்றிச் சிவப்பு நூல். முள்ளுக்குள்ளே ஓடித் திரிவான், ஒரு முள்ளும் அவனுக்குத் தைக்காது. எங்கே பறந்து போனாலும் ஒரே ஒரு தீவிலேதான் கூடு கட்டுவான். அவன் யார்? தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். நெல்லியடியில் இருக்கும் ஏழு வயதுக் கபிஷாவுக்கும் தெரிந்திருக்காது. நேற்றுப் பின்னேரம் அவளுடைய அம்மா யோகமலர் சைப்ரஸ் தீவிலிருந்து இந்த விடுகதையைத் தன் குரலில் பதிந்து தொலைபேசியில் அனுப்பியிருந்தாள். பின்னேரம் விடுகதை போகும், காலையில் விடை வரும். தாய்க்கும் மகளுக்கும் இடையில் அதுதான் வழக்கம். ஊரில் தெரிந்த விடுகதைகளெல்லாம் முடிந்துபோய் வெகுநாளாகிவிட்டது. பூசணிக்காய், முட்டை, நிழல், வெங்காயம் எல்லாம் முடிந்தபின் அவள் கண்ணில் படுகிறவற்றை வைத்துத் தானே கட்டத் தொடங்கினாள். கறுப்பு என்ற சொல் எங்கே வந்தாலும் கபிஷாவின் விடை காகம்தான். இன்று காலை அந்த விடைகூட இன்னும் வரவில்லை. அதற்குள் விடுகதைக்கு உரியவன் யோகமலரின் கையில் இருக்கிறான். வாலும் ஒரு சிறகும் பறவை பிடிக்கும் பசைக் குச்சியில் ஒட்டியபடி, தலைகீழாக.

அவள் குச்சியைக் கிளையிலிருந்து உருவியெடுத்து, பக்கத்தில் இருந்த சுண்ணாம்புக் கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் ஏன் உட்கார்ந்தோம் என்று யோசித்தாள். மற்றப் பறவைகளென்றால் உட்காருவதில்லை. குச்சியோடு அப்படியே வாளிக்குள் போட்டு, மூடியை வைத்து, அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். வாளிக்குள் படபடப்பது கொஞ்ச நேரம் கேட்கும், பிறகு கேட்காது. கேட்காமல் போவது அவை ஓய்ந்ததாலா தன் காது ஓய்ந்ததாலா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. வீட்டில், அவள் பராமரிக்க வந்த ஹம்பிஸ் கிழவர் கதிரையில் காத்திருப்பார். பாரிசவாதம் வந்து அவருடைய வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கொல்வது, இறகு பிடுங்குவது என்ற மிச்சத்தை இடது கையால் அவரே செய்வார். அந்த நேரத்தில் அவள் அடுப்பில் ஏதாவது கிண்டிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பாள். விடியற்காலையில் இந்தக் கரோப் மரங்களில் குச்சிகளைச் செருகுவதும், வெயில் ஏறுமுன் பார்த்து எடுப்பதும், அவருக்கு மருந்து கொடுப்பது, கால் கழுவிவிடுவது, மேசை துடைப்பது என்ற வேலைகளோடு எப்படியோ சேர்ந்துகொண்டது. எப்போது சேர்ந்தது? முதல் வருசம் அவர் ஊன்றுகோலோடு தானே வந்தார். அவள் வாளியை மட்டும் தூக்கினாள். பிறகு குச்சியையும் தூக்கினாள். இந்த வருசம் அவர் வாசல் வரைதான் வருகிறார். ஆனால் இவன், இந்தச் சிவப்புக் கண்காரன், வாளிக்கு உரியவன் இல்லை. அதைக் கிழவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் கிரேக்கத்தில் சொல்வது அவளுக்குள் இப்போதெல்லாம் ஊர்ப் பேச்சாகவே வந்து விழும். “வடக்க குளிர் தொடங்க வந்து இறங்குதுகளே, ஒரு கிழமை நிண்டு திண்டிட்டுப் போகிறதுகள், அதுகளைப் பிடி. இவனைப் பிடிக்காதை. இவன் எங்கட ஆள். இவனுக்கு வேற ஊர் இல்லை.” வந்து போகிறதுகளைச் சாப்பிடலாம், வீட்டுக்காரனில் கைவைக்கக் கூடாது. சட்டம் எதிலுமே கைவைக்கக் கூடாது என்கிறது. அதை அவருடைய மகள் ஸ்டெலா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கத்திச் சொல்வாள். கிழவருக்குத் தன் சட்டம்தான் சட்டம். யோகமலர் அன்றைக்குத் தலையாட்டினாள். பாத்திரம் கழுவும்போதுதான் தானும் வந்திறங்கியவள்தானே என்று நினைப்பு வந்தது. சிரிப்பும் வந்தது. கிழவரிடம் சொன்னால் அவரும் சிரிப்பார், சொல்லவில்லை.

பறவை கத்தியது. கத்தல் என்றுகூடச் சொல்ல முடியாது. காய்ந்த சுள்ளியைத் தொடர்ந்து முறிப்பதுபோல டக், டக், டக். அதன் கால்கள் ஒட்டவில்லை, அது நல்லது. வாலில்தான் முதலில் பட்டிருக்க வேண்டும், பிறகு உதறும்போது சிறகு. அவள் வலது கையால் உடம்பைப் பொத்திப் பிடித்தாள், இறுக்காமல், கழுத்தை இரண்டு விரல்களுக்கிடையில் விட்டு. சூடு. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? காய்ச்சல் கண்ட பிள்ளையின் உள்ளங்கை இப்படித்தான் இருக்கும். நெஞ்சு அடிப்பது தனித்தனி அடியாகத் தெரியவில்லை, ஒரே நடுக்கமாக, மேசையில் வைத்த தொலைபேசி அதிருவதுபோல் தெரிந்தது. அந்த நினைப்பு வந்ததும் அவள் தன் மேற்சட்டைப் பையைப் பார்த்தாள். தொலைபேசி அங்கேதான் இருந்தது. அதிரவில்லை. ஊரில் இப்போது வெயில் ஏறியிருக்கும். பிள்ளையை வளர்க்கும் அக்காவும் கபிஷாவும் கோயிலால் வந்திருப்பார்கள். வந்து, கால் கழுவி, பிள்ளையின் நல்ல சட்டையைக் கழற்றி வீட்டுச் சட்டை மாட்டியிருப்பார்கள். அல்லது இன்னும் வீதியில் நிற்பார்கள். கச்சான் கடலை வாங்கித் தரச் சொல்லி அவள் நிற்பாள். கச்சான் வாங்கிய பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பது நல்லதா, வாங்க முன்னமா? அதை அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அக்கா, நீ என்ன பிள்ளைக்குப் பரீட்சையா வைக்கிறாய் என்றிருப்பாள்.

பசையை இழுக்கக் கூடாது. இழுத்தால் இறகு வராது, தோல் வரும். அதுவும் இந்த வருசத்துப் பசை. அவள் குச்சியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தேன் நிறத்தில், நூல் நூலாய், இறகுகளை ஒவ்வொன்றாகக் கட்டிப் போட்டிருந்தது. இது அவள் காய்ச்சியது. ஆவணியில் கிழவர் ஒரு பை நிறையப் பழம் வரவழைத்து மேசையில் கொட்டினபோது, அவள் ஒன்றை எடுத்து நசுக்கி, விரல்களைச் சேர்த்து விரித்து, அந்த வெண்ணூல் இழுபடுவதைப் பார்த்து வாயைத் திறந்தபடி நின்றாள். நறுவிலி. நறுவிலிப்பழமேதான். பட்டத்துக்கு ஒட்டுற பழம் இங்கே எப்படி வந்தது? வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் அவளுக்கு முதலிலிருந்து படிக்க வேண்டியதாகவே இருந்தது. அடுப்பின் திருகி, மருந்துப் பெட்டி, சவர்க்காரத்தின் வாசனை, கதவைச் சாத்தும் விதம். முதல்முறையாக அந்த மேசையில் தனக்குத் தெரிந்த ஒன்று வந்து விழுந்திருந்தது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. குச்சிகளுக்குத்தான் என்று தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கையில் இருந்தது குச்சி இல்லை, நறுவிலி. கிழவர் பழத்தைத் தேனோடு அப்படியே போட்டு அவிக்கச் சொன்னார். “அப்பிடி இல்லை பப்பூ, கொட்டை இருந்தால் பசை விட்டிடும்,” என்று அவள் சொன்னாள். பப்பூ என்றால் அவர்கள் மொழியில் தாத்தா. கொட்டைகளைப் பிதுக்கி எடுத்து, துணியில் வடித்து, மெல்லிய நெருப்பில் மறுபடியும் வைத்து, கரண்டியைத் தூக்கினால் அறாமல் இழுபடும் வரைக்கும் கிண்டினாள். மார்கழிக் காற்றில் பட்டவால் கழராமல் இருக்க அவளும் அக்காவும் அப்படித்தான் செய்வார்கள். கிழவர் ஒரு குச்சியில் தொட்டு, தன் விழுந்துபோன கையின் விரலில் ஒட்டி, இழுத்து, கழற்ற முடியாமல் போய், பல் தெரியச் சிரித்தார். “இவ்வளவு காலமும் நான் பசை காய்ச்சினன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்,” என்றார். அன்று முழுக்க அவள் சந்தோசமாக இருந்தாள். சமைக்கும்போது பாடினாள்கூட. அந்தச் சந்தோசம்தான் இப்போது இந்த இறகுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விடமாட்டேன் என்கிறது, நன்றாகச் செய்த வேலை, வடித்துக் காய்ச்சிய வேலை, கழராது.

“யோகா,” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கிழவர் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருந்தார். அவளுடைய பெயரில் அவர்களுக்குப் பிடித்தது அந்தப் பாதிதான். முதல் நாள் ஸ்டெலா, “அப்பா, இனி உங்களுக்கு வீட்டிலேயே யோகா,” என்று சொன்னாள், அந்தப் பகிடி இன்னும் தேயவில்லை. “எத்தினை விழுந்தது?” என்றார். “ஒண்டுமில்லை பப்பூ.” “பொய் சொல்லாதை. கத்திறது கேக்குது.”  பறவை அவளுக்காகப் பேசியது; டக், டக். கிழவர் தலையைச் சரித்துக் கேட்டார். அவருடைய முகம் தூரத்தில் தெளிவில்லை, ஆனால் நடைச்சட்டத்தின் காலை அவர் தரையில் ஒருமுறை தூக்கிக் குத்தியது தெரிந்தது. “அது எங்கட ஆளின்ட சத்தமெல்லோ?” “ஓம் பப்பூ.” “உயிரோட?” “உயிரோட.” “இழுத்தனியே?” “இல்லை.” “இழுத்திடாதை. தண்ணியும் ஊத்தாதை, பரவும். வாயில வை. சிறகை வாயில வைச்சு, இனிப்பு உமியிறமாதிரி உமி. துப்பல்தான் அதுக்கு மருந்து.” அவள் பறவையைப் பார்த்தாள். சிவப்பு நூலுக்கு நடுவில் இருந்த கண் அவளைப் பார்த்ததா, வானத்தைப் பார்த்ததா தெரியவில்லை. “வாயிலயோ?” என்றாள். “உன்ர வாய்க்கும் ஒரு வேலை வேணுமெல்லோ. ஏன் ஆறின கோப்பி தந்தனி எண்டு கேட்டதுக்கு நேற்று முழுக்க நீ எனக்குச் சொன்ன நியாயத்துக்கு, இண்டைக்குக் கொஞ்சம் பேசாமல் இரு.” பிறகு சிரிப்பில்லாத குரலில், “என்னால அங்க வரேலாது யோகா. இந்தக் கல்லுக்குள்ள நான் விழுந்தால் நீ ரெண்டு பேரைத் தூக்க வேண்டிவரும்,” என்றார்.

வாலில் தொடங்கினாள். முதலில் உதட்டால் தொட்டாள், பிறகு பல்லை மறைத்து உள்ளே எடுத்தாள். தித்தித்தது. தேனும், பழத்தின் வழுவழுப்பும், அடியில் இறகின் தூசி மணமும். வாந்தி வருமென்று நினைத்தாள், வரவில்லை. நாக்கு நுனியில் ஒரு இறகின் தண்டு தட்டுப்பட்டது, மீன் முள்ளைப்போல மெல்லியது; அதைச் சுற்றிப் பசை இருந்தது; அதை ஊறவிட்டு, நாக்கால் ஒதுக்கி, பக்கத்தில் துப்பி, மறுபடி. இதை அவள் எங்கே செய்திருக்கிறாள்? வாயால் இல்லை, விரலால். விரலை நாக்கில் தொட்டு, பிள்ளையின் கன்னத்தில் பரவின பொட்டு மையைத் துடைத்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வான் வண்டி வந்து வாசலில் நின்ற காலை அது. கபிஷாவுக்கு மூன்று வயது. அக்காவின் இடுப்பில் இருந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுவாள், அழுதால் என்ன சொல்வது என்று இரவெல்லாம் சொற்களை அடுக்கி வைத்திருந்தாள் யோகமலர், ஒன்றும் தேவைப்படவில்லை. துப்பல் தொட்ட விரல் கன்னத்தில் பட்டதும் பிள்ளை முகத்தைச் சுளித்து, அக்காவின் தோளில் அந்த இடத்தைத் துடைத்தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் துடைப்பார்கள். ஆனால் வான் ஆனையிறவு தாண்டும்வரை அவளுக்கு அந்தத் துடைப்புத்தான் நினைவில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பிள்ளையின் தகப்பன் அதற்கு முதலே வவுனியாவில் வேறொரு குடும்பமாகிவிட்டான். அவனுடைய முகம்கூட இப்படி நிற்பதில்லை.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. யோகராணி என்று பெயர், அவளைவிட ஒன்பது வயது மூப்பு. அத்தான் நல்ல மனிதர், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைச் சைக்கிளின் முன் கம்பியில் வைத்துக் கொண்டுபோவார். ஒரு குறையும் இல்லை. குறை இருந்தால் எவ்வளவு லேசாக இருந்திருக்கும். மார்கழியோடு யோகமலரின் வேலை ஒப்பந்தக் காலம் முடிகிறது. ஸ்டெலா இன்னும் நாலு வருசத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள். இன்று மதியம் வருவாள், “யோகா, என்ன முடிவு?” என்பாள். போன கிழமை அக்காவோடு பேசும்போது யோகமலர் சொன்னாள், நான் வந்தால் எங்கட வீட்டைத் திறந்து கூட்டிப் பிள்ளையும் நானும் அதில் இருக்கப் போறம். பிள்ளை என்னோட வாறன் எண்டால் வாறன். இல்லை, பெரியம்மாவோடயே இருக்கிறன் எண்டால் கையெழுத்து வைக்கிறன். அவளையே கேள் அக்கா. “ஏழு வயசுப் பிள்ளையிட்டக் கேக்கிற கேள்வியே மலர் இது?” “அவளைக் கேக்காமல் ஆரைக் கேக்கிறது?” “உன்னைக் கேள். உனக்கு வர விருப்பமோ இல்லையோ?” “எனக்கு விருப்பம். அவளுக்கு?” “அவளுக்கு ஐஸ்கிரீம் விருப்பம். மற்றதெல்லாம் நேரத்துக்கு நேரம் மாறும்.” “மாறினாலும் பரவாயில்லை, கேள். அழுதுகொண்டு என்னோட வந்து இருக்கிற பிள்ளையை வைச்சு நான் என்ன செய்ய?”  பின்னால் கோழி கேறியது. “சரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலால வந்து கேக்கிறன். ஒரு சொல்லுக் கூட்டியும் சொல்லமாட்டன், குறைச்சும் சொல்லமாட்டன். நீ நம்பு. கேக்கிறதையும் சொல்லுறதையும் அப்பிடியே பதிஞ்சு அனுப்பிறன்.” பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “உன்னோட வாறன் எண்டால் அவளின்ட உடுப்பெல்லாம் தோய்ச்சு மடிச்சு வைக்கிறன்,” என்றாள்.

வாலில் பாதி கழன்றது. மற்றப் பாதியில் நான்கைந்து இறகுகள் பசையோடு பசையாகக் கிடந்தன, எவ்வளவு ஊறவிட்டும் அசையவில்லை. வாய் வறண்டது. அவள் எச்சிலுக்காகப் புளியை நினைத்தாள், ஊறுகாயை நினைத்தாள், அரிநெல்லிக்காயை நினைத்தாள், ஒன்றும் ஊறவில்லை. பிறகு கேள்வியை நினைத்தாள். அக்கா எப்படிக் கேட்பாள்? அம்மாவோட இருக்கப் போறியா, பெரியம்மாவோட இருக்கப் போறியா. அப்படித்தான் வரும், வாயில் அப்படித்தான் இயல்பாக வரும், அம்மா முதலில், பெரியம்மா பிறகு. அங்கேதான் அவள் பிழை விட்டுவிட்டாள். கபிஷா இரண்டாவதாகச் சொல்வதைத்தான் எடுப்பாள். பேசத் தொடங்கின நாளிலிருந்து அப்படி. இட்டலியா தோசையா என்றால் தோசை. தோசையா இட்டலியா என்றால் இட்டலி. நீலச் சட்டையா மஞ்சள் சட்டையா என்றால் மஞ்சள். காதில் கடைசியாக விழுந்தது நாக்கில் முதலாவதாக வரும். அதை வைத்து எத்தனை நாள் விளையாடியிருக்கிறாள், கத்தரிக்காய் தின்ன வைத்திருக்கிறாள். அதை அக்காவுக்குச் சொல்ல மறந்துபோனாள். மறந்தாளா, வெட்கப்பட்டாளா? என்னைப் பிறகு சொல்லு அக்கா என்று எப்படிச் சொல்வது? அது களவு அல்லவா? ஆனால் அக்கா முதலில் அம்மா என்று சொன்னால் அது யாருடைய களவு? ஒருத்தருடையதும் இல்லை, வாய் போகிற போக்கு. அதுவும் மூன்று வயதில் இருந்த பழக்கம் ஏழு வயதில் இருக்குமா? அதுதான் அவளுக்குத் தெரியாது. தன் பிள்ளை இப்போதும் இரண்டாவதைத்தான் எடுக்கிறாளா என்பது யோகமலருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். தினமும் இட்டலியும் தோசையும் கொடுக்கிறவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தவள் பெரியம்மாவைப் பிறகு வைத்தால்? ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், சும்மா இடம் மாற்றி வைத்தால்? அக்கா அப்படிச் செய்யமாட்டாள். தோய்ச்சு மடிச்சு வைக்கிறன் என்ற குரல் செய்யுமா, செய்யாதா? கழுத்து வலித்தது. குச்சியைத் திருப்பி அவள் சிறகுப் பக்கத்துக்கு வந்தாள்.

சிறகு வாய்க்குள் இருக்கும்போது தொலைபேசி அதிர்ந்தது. முதலில் பறவையின் நெஞ்சு என்றுதான் நினைத்தாள். கையிலிருந்த நடுக்கமும் இடுப்பிலிருந்த நடுக்கமும் ஒன்றாக இருந்தன. பிறகு மணிச் சத்தம். பறவை துள்ளியது, அவள் உதட்டை இறுக்கினாள். எடுக்க முடியாது. இடது கை குச்சியில் ஒட்டியிருந்தது, உண்மையாகவே ஒட்டியிருந்தது, பெருவிரலும் சுட்டுவிரலும் பசையில். வலது கைக்குள் அவன். வாய்க்குள் அவனுடைய சிறகு. மூன்றில் ஒன்றை விட்டால்தான் எடுக்கலாம். எதை விடுவது? கையை விட்டால் அவன் உதறுவான், உதறினால் கழன்ற வாலும் மறுபடி ஒட்டும். வாயை விட்டால் பேசலாம், ஆனால் பேசுவதற்கு எடுக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. “யோகா, உன்ர போன்,” என்று கிழவர் தெரியாத விசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அவள் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். மணி நின்றது. நின்றதும் காதுக்குள் காற்று வந்தது, முட்செடிகளின் காய்ந்த இலைச் சத்தம், தூரத்தில் ஒரு மோட்டார். மறுபடி அடித்தது. மறுபடி நின்றது. எடுக்கவில்லை என்பதில் அவளுக்குள் ஏதோ ஒன்று இளகியதை அவள் கண்டாள், கண்டு, திடுக்கிட்டாள். இவ்வளவு நேரம் மெல்ல மெல்ல உமிந்தது பறவைக்காகவா? இறகு இறகாக, அவசரமில்லாமல், ஒரு தடவை ஊறினதை இன்னொரு தடவை ஊறவைத்து? வாயில் சிறகு இருக்கும்வரை கேள்வி கேட்கப்படவில்லை. அப்படி ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே இவனுக்கோ ஒவ்வொரு நிமிசமும் உயிர். நெஞ்சு நடுக்கம் முன்னைவிட மெதுவாகியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. சிவப்பு நூல் ஒரு பக்கம் தளர்ந்து கிடந்தது. அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் வாயில் நீர் ஊறியது, இவ்வளவு நேரம் கேட்டும் ஊறாத நீர். அவள் சிறகை முழுவதுமாக உள்ளே எடுத்து, கண்ணை மூடி, நாக்கால் ஒவ்வொரு இறகாகத் தள்ளினாள். என்னுடைய பசை, நானே காய்ச்சினது, விடு, விடு, எனக்காக விடு. முருகா என்று நினைத்தாளா, கந்தசாமி கோயிலுக்குப் போய்வந்த பிள்ளையை நினைத்தாளா, தெரியவில்லை. மேற்சட்டைப் பை ஒருமுறை, ஒரேயொரு முறை, சின்னதாக அதிர்ந்து அடங்கியது. அது அழைப்பு இல்லை. பதிந்த குரல் வந்து சேர்ந்தால் அப்படித்தான் அதிரும்.

வந்துவிட்டது. இனிமேல் அது மாறாது. அங்கே சொல்லி முடித்தாயிற்று, அது இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது, அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதேதான். சிறகு குச்சியிலிருந்து விட்டது. விட்டதை உதட்டில் உணர்ந்தாள், ஒரு பாரம் குறைவதுபோல. வாலில் மிச்சமிருந்த இறகுகள் வரவில்லை. அவள் மறுபடி குனிந்து வாயில் எடுக்கப் போகும்போது அவனே ஒரு உதறு உதறினான், அவளுடைய பிடிக்குள்ளேயே, அவள் நினைத்திராத பலத்தோடு. இறகுகள் குச்சியில் நின்றன, அவன் அவளுடைய கையில் நின்றான். வால் இருந்த இடம் மொட்டையாக, ஒரு துளி இரத்தத்தோடு இருந்தது. அவள் கையை நிலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விரித்தாள். அவன் போகவில்லை. உள்ளங்கையில் நெஞ்சைப் பதித்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தான். போ, என்றாள். போ ராசா. எங்கே போவான்? ஒருவேளை போக முடியாதோ? பறக்க முடியாவிட்டால் இன்று பின்னேரம் பூனை, அல்லது எறும்பு, அல்லது வெறும் வெயில். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தால்? முள்ளுக்குள் ஓடுகிறவனைப் பெட்டிக்குள் வைத்தால் எத்தனை நாளைக்கு இருப்பான்? அவள் விரலை அசைத்தாள். அவன் இறங்கினான். இரண்டு தரம் தத்தினான், நனைந்த சிறகு ஒரு பக்கம் இழுபட, பிறகு முட்புதரின் அடியில் ஒரு ஓட்டை இருந்தது, அவளுக்குத் தெரியாத ஓட்டை, அதற்குள் போனான். புதர் அசையக்கூட இல்லை. அவள் குனிந்து பார்த்தாள், முள்ளும் நிழலும்தான்.

“பறந்திட்டானோ?” என்றார் கிழவர். “போயிட்டான் பப்பூ.” “நான் கேட்டது பறந்தோ எண்டு.” “நடந்து.” கிழவர் கொஞ்சம் யோசித்தார். “நானும் நடந்துதான் திரியிறன்,” என்றார். “வால் முளைக்கும். சிறகு முறியாட்டில் சரி. முறிஞ்சதோ?” “தெரியாது.” “வாயில வைச்சிருந்தனி, தெரியாதோ?” “தெரியேல்லை பப்பூ.” “சரி, வா. வந்து வாயைக் கழுவு.” அவர் நடைச்சட்டத்தைத் திருப்பினார், திருப்புவதற்குள் வேறு என்னவோ நினைவு வந்து நின்றார். “ஸ்டெலாவுக்குச் சொல்லாதை. எங்கட ஆளும் விழுந்தவன் எண்டால் எல்லாக் குச்சியையும் முறிச்சுப் போடுவாள்.” அவள் ஓம் என்றாள். முறித்தால் நல்லது என்று நினைத்தாள், முறிப்பவள் தானாக இருந்திருக்கலாம் என்றும் நினைத்தாள், ஆனால் கையில் இருந்த குச்சியை வாளிக்குள் பத்திரமாகத்தான் வைத்தாள். நாலைந்து வால் இறகுகள் அதில் நட்டு வைத்ததுபோல நின்றன. ஒட்டிய விரல்களைக் கழற்றியதில் மற்றக் கையிலும் பசை ஏறியிருந்தது; விரல்களைப் புல்லில் தேய்த்தாள், மண்ணில் தேய்த்தாள். பசையில் மண் ஒட்டியது, பசை போகவில்லை. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து, பையிலிருந்து தொலைபேசியை நெம்பி எடுத்து, அவள் உட்கார்ந்திருந்த கல்லின் மேல் வைத்தாள். கண்ணாடியில் அவளுடைய மகளின் படம், பள்ளிக்கூட உடுப்பில், இரட்டைப் பின்னலில். அதற்கு மேலே அக்காவின் பெயர்.

விரலால் தொட முடியாது. அவள் முழந்தாளிட்டு, குனிந்து, மூக்கின் நுனியால் அழுத்தினாள். முதல் தரம் படவில்லை. இரண்டாம் தரம் பட்டது. முதலில் ஊர்ச் சத்தம் வந்தது. யாரோ முற்றம் கூட்டினார்கள், ஒரு ஓட்டோ போனது. பிறகு பிள்ளையின் குரல், வாய் நிறையக் கச்சானோடு. “அம்மா, விடுகதைக்கு விடை காகம்.” “வாயில இருக்கிறதை விழுங்கிப்போட்டுக் கதை,” என்றாள் அக்கா. விழுங்கும் வரைக்கும் அக்கா பொறுத்திருப்பது கேட்டது. “இப்ப நான் ஒண்டு கேக்கப் போறன். வடிவா யோசிச்சுச் சொல்லு. ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.” “என்ன?” “அம்மா மார்கழியில வந்தால், உங்கட வீட்டைத் திறந்து அங்க இருப்பா. நீ,” என்று சொல்லி, அக்கா ஒரு மூச்சு எடுத்தாள். யோகமலரின் மூக்கு இன்னும் கண்ணாடிக்குக் கிட்டவே இருந்தது. அவளுடைய மூச்சில் படம் மங்கியது. “நீ பெரியம்மாவோட இருக்கப் போறியா, அம்மாவோட இருக்கப் போறியா?” பெரியம்மா முதலில், அம்மா பிறகு. அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. முற்றம் கூட்டும் சத்தம் நின்றது. பிள்ளை யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கபிஷா, பெரியம்மாவோடு இருப்பதாகச் சொன்னாள்.